போர் போடாத தண்ணீர்த் திட்டம்

உங்கள் ஊரில் எத்தனை போர் ஓடுகிறது என்று கேட்டால் டீக்கடையில் உட்கார்ந்திருப்பவரே எண்ணிச் சொல்லிவிடுவார். யாருக்கு எத்தனை அடியில் தண்ணீர் வந்தது, யாருக்குப் புழுதி மட்டும் பறந்தது என்பதும் ஊருக்கே தெரியும். ஆனால் இந்த ஆண்டு பெய்த மழையில் எவ்வளவு தண்ணீர் நிலத்துக்குள் இறங்கியது, அதை வைத்து ஊரில் மொத்தம் எத்தனை ஏக்கரைக் கரை சேர்க்கலாம் என்று கேட்டுப் பாருங்கள். பதில் வராது.

அதிகாரிகளிடமும் உங்கள் ஊருக்கென்று ஒரு பதில் இருக்காது. மத்திய நிலத்தடி நீர் வாரியம் நாடு முழுவதும் கண்காணிப்புக் கிணறுகளை வைத்து ஆண்டுக்கு நான்கு முறை நீர்மட்டம் அளக்கிறது. தமிழகத்தில் பகுதி வாரியாகக் கணக்கெடுத்து, இந்தப் பகுதியில் அளவுக்கு மீறி உறிஞ்சிவிட்டார்கள், அந்தப் பகுதி பாதுகாப்பானது என்று வகை பிரிக்கிறார்கள். கொள்கை வகுக்க அது போதும். தை மாதம் நாற்று விடலாமா, வேர்க்கடலை போடலாமா என்று யோசிக்கும் விவசாயிக்கு அதனால் பயன் குறைவு. அவர் கிணறு அந்தக் கணக்கில் இல்லை.

பக்கத்து மாநிலத்தில் அறுநூறுக்கும் மேற்பட்ட குடியிருப்புகளில் விவசாயிகளே இந்தக் கணக்கைப் போட்டார்கள். நிலத்தடி நீர் வல்லுநர்கள் கற்றுக் கொடுத்தார்கள். ஒரு அரசு பணம் கொடுத்தது. அந்தப் பணத்தில் ஒரு போர் கூடப் போடவில்லை, ஒரு மோட்டார் கூட வாங்கித் தரவில்லை. அது எப்படி நடந்தது, பணம் நின்ற பிறகு என்ன ஆனது என்பதை நம் விவசாயிகளும் தெரிந்துகொள்வது நல்லது. இப்போது பல துறைகளும் 'மக்கள் பங்கேற்பு' என்ற பெயரில் நிதி ஒதுக்குகின்றன. நாளை உங்கள் ஊருக்கும் அப்படி ஒரு திட்டம் வரலாம்.

முதலில் தோண்டினார்கள்

1995-ல் ஆந்திராவில் நெதர்லாந்து அரசின் நிதியுதவியோடு 'ஏபிவெல்' என்ற திட்டம் தொடங்கியது. வறட்சி மாவட்டங்களில் சிறு, குறு விவசாயிகள் சிலர் சேர்ந்து ஒரு போரைப் பகிர்ந்துகொள்வது என்பது ஏற்பாடு. போர் போட்டார்கள், மின் இணைப்பு வாங்கினார்கள், குழாய் பதித்தார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் ஒரு போரில் தண்ணீர் வந்தால் பக்கத்தில் இன்னொரு போர் இறங்கும். அது இன்னும் ஆழமாகப் போகும். முதல் போர் வற்றும். இதை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

அந்த அனுபவத்திலிருந்துதான் அடுத்த திட்டம் பிறந்தது. 2003 வாக்கில் தொடங்கிய அதன் பெயர், ஆந்திரப் பிரதேச விவசாயிகள் நிர்வகிக்கும் நிலத்தடி நீர்த் திட்டம். முதலில் நெதர்லாந்து நிதி, பிறகு ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பு (எஃப்.ஏ.ஓ.) வழியாக நிதி. பேர்ட்ஸ் என்ற தொண்டு நிறுவனத்தின் தலைமையில் பல தொண்டு நிறுவனங்கள் களத்தில் இறங்கின. அனந்தபூர், சித்தூர், கடப்பா, கர்நூல், பிரகாசம், மகபூப்நகர், நல்கொண்டா ஆகிய ஏழு மாவட்டங்கள். கடைசி இரண்டும் இப்போது தெலங்கானாவில் இருக்கின்றன.

சித்தூர் நம் வேலூர், கிருஷ்ணகிரி பக்கத்து மண்தான். மேலே கொஞ்சம் மண், அதன் கீழே சிதைந்த பாறை, அதற்கும் கீழே கருங்கல், கல்லில் அங்கங்கே விரிசல். தர்மபுரி, சேலம், நாமக்கல், கரூர், திண்டுக்கல் என்று தமிழகத்தின் பெரும்பகுதிக்கும் இதே அமைப்புதான். இப்படிப்பட்ட நிலம் பெரிய அணை மாதிரி இல்லை. வீட்டுத் தொட்டி மாதிரி. ஒரு நல்ல மழையில் நிரம்பும், ஒரு போகத்தில் காலியாகும். ஆற்றுப் படுகையில் இருக்கும் ஆழமான மணல் அடுக்குகளுக்கு இந்தக் கட்டுரையில் சொல்லும் கணக்கு அப்படியே பொருந்தாது. டெல்டா விவசாயிகள் இதை மனதில் வைத்துக்கொள்ளவும்.

அளந்தவர்கள் விவசாயிகள்

திட்டம் செய்த முதல் வேலை, ஊர் எல்லையை ஒதுக்கி வைத்துவிட்டு நீர் எல்லையைப் பிடித்தது. ஒரே ஓடையில் வடியும் நிலப்பரப்பு முழுவதும் ஒரு நீரியல் அலகு. அதற்குள் பல ஊர்கள் வரும். அறுபதுக்கும் மேற்பட்ட அலகுகள் பிரிக்கப்பட்டன. குடியிருப்புக்கு ஒரு நிலத்தடி நீர்க் குழு அமைத்தார்கள். அந்தக் குழுக்களெல்லாம் சேர்ந்து அலகுக்கு ஒரு கூட்டமைப்பு. குழுக்களில் பெண்களும் உறுப்பினர்கள்.

ஐந்து சதுர கிலோமீட்டருக்கு ஒரு மழைமானி வைத்தார்கள். தினமும் காலையில் அதைப் பார்த்து எழுதுவது உள்ளூர் விவசாயி. தேர்ந்தெடுத்த கிணறுகளில் 15 நாளுக்கு ஒரு முறை நீர்மட்டம் அளந்தார்கள். எல்லா அலகுகளிலும் சேர்த்து ஏறத்தாழ 2,000 கிணறுகள். மோட்டார் ஒரு மணி நேரத்தில் எவ்வளவு தண்ணீர் தள்ளுகிறது என்பதையும் அளந்தார்கள். அளந்ததை நோட்டுப் புத்தகத்தில் பூட்டி வைக்காமல் ஊரில் எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் பலகையில் எழுதினார்கள். படிக்கத் தெரியாதவருக்கும் புரியும்படி படம் வரைந்து காட்டினார்கள்.

இதைக் கற்றுக் கொடுக்க 'விவசாயிகள் நீர்ப் பள்ளி' நடந்தது. நம்மூரில் நெல்லுக்கும் பருத்திக்கும் உழவர் வயல்வெளிப் பள்ளி நடத்துகிறார்களே, அதே முறைதான். பூச்சியை எண்ணிப் பார்ப்பதற்குப் பதிலாக இங்கே தண்ணீரை அளந்து பார்த்தார்கள். ஜூனில் தொடங்கி அடுத்த மே வரை ஒரு முழு நீராண்டு வகுப்பு. வல்லுநர் வந்து கரும்பலகையில் பாடம் எடுத்துவிட்டுப் போகும் ஒருநாள் பயிற்சியோடு இதை ஒப்பிடவே முடியாது. மழை பெய்யும்போது மழையையும், கிணறு ஏறும்போது ஏற்றத்தையும், இறங்கும்போது இறக்கத்தையும் கண்ணால் பார்த்துப் படிக்கிறார்கள்.

முக்கியமான நாள் அக்டோபரில் வரும். ரபி விதைப்புக்கு முன்னால் அலகிலுள்ள விவசாயிகள் கூடுவார்கள். அதுவரை பெய்த மழை, கிணறுகளின் மட்டம் இரண்டையும் வைத்து நிலத்தடியில் இருக்கும் தண்ணீரைக் கணக்கிடுவார்கள். பிறகு ஒவ்வொரு ஊராரும் தாங்கள் போட நினைக்கும் பயிரையும் பரப்பையும் சொல்வார்கள். எல்லாவற்றுக்கும் தேவைப்படும் தண்ணீரைக் கூட்டினால் பெரும்பாலும் இருப்பை விடத் தேவை அதிகமாக இருக்கும். பற்றாக்குறை எவ்வளவு என்று எழுதிப் போடுவார்கள். அத்தோடு கூட்டம் முடிந்தது.

யாரும் யாருக்கும் தடை போடவில்லை, அபராதம் இல்லை, நெல் போடாதே என்று தீர்மானம் இல்லை. எல்லோரும் வீட்டுக்குப் போய் அவரவர் முடிவை எடுத்தார்கள். இந்த இடத்தில்தான் பலருக்கும் சந்தேகம் வரும். அப்போது ஆந்திராவில் விவசாய மின்சாரமும் இலவசம். தண்ணீர் இறைக்கக் காசு கிடையாது, கேட்க ஆள் கிடையாது. பிறகு யார் குறைப்பார்கள்?

உங்கள் ஊருக்கு ஒரு கணக்கு

அதற்குப் பதில் சொல்லும் முன் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிடலாம். 1,000 ஏக்கர் கொண்ட ஒரு பாறைப்பாங்கான ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டு மழை 700 மி.மீ. ஒரு ஏக்கரில் 1 மி.மீ. மழை பெய்தால் சுமார் 4,050 லிட்டர். அப்படியானால் ஊர் மேல் விழுந்த மழை சுமார் 283 கோடி லிட்டர். கேட்கப் பெரிய தொகைதான். ஆனால் இதில் பெரும்பகுதி வெயிலில் ஆவியாகிறது, செடி குடிக்கிறது, ஓடையில் போகிறது. பாறை நிலத்தில் பத்தில் ஒரு பங்கு உள்ளே இறங்கினாலே நல்லது. ஆக, நிலத்தடி வரவு 28 கோடி லிட்டர்.

இறைக்கப்படும் நெல்லுக்கு ஒரு போகத்துக்கு 1,200 மி.மீ. அளவுக்குத் தண்ணீர் தேவை என்றால், ஏக்கருக்குச் சுமார் 49 லட்சம் லிட்டர். 28 கோடியை அதால் வகுத்தால் 58 ஏக்கர் கூட முழுதாக வராது. ஆயிரம் ஏக்கர் ஊரில் ஐம்பத்தெட்டு ஏக்கர்! அதே தண்ணீரை 500 மி.மீ. கேட்கும் வேர்க்கடலைக்கு விட்டால் சுமார் 140 ஏக்கர். 350 மி.மீ. போதும் என்கிற கேழ்வரகுக்கு விட்டால் 200 ஏக்கர்.

இப்போது மறுபக்கம். 200 லிட்டர் டிரம் ஒன்றை மோட்டார் குழாய்க்கு அடியில் வைத்து, நிரம்ப எத்தனை வினாடி ஆகிறது என்று செல்போனில் பாருங்கள். 100 வினாடி என்றால் வினாடிக்கு 2 லிட்டர், மணிக்கு 7,200 லிட்டர். நாளுக்கு 6 மணி நேரம் ஓடினால் 43,200 லிட்டர். ஊரில் இப்படி 80 மோட்டார், 90 நாள் ஓடினால் 31 கோடி லிட்டர். வரவு 28, செலவு 31. ஒரே போகத்தில். குடிநீரும் ஆடு மாடும் இன்னும் இந்தக் கணக்குக்குள் வரவில்லை.

வல்லுநர்கள் இதை இன்னும் நுணுக்கமாகப் போடுவார்கள். நெல் வயலில் விட்ட தண்ணீரில் ஒரு பகுதி திரும்பக் கீழே இறங்கும். ஏரி, குட்டையிலிருந்து கசிவு சேரும். பயிர் மேலே பெய்யும் மழையைக் கழிக்க வேண்டும். மண்ணுக்கு மண் வேறுபடும். அதனால்தான் விவசாயிக்கு ஆராய்ச்சியாளர் வேண்டும். ஆனால் ஆராய்ச்சியாளருக்கும் விவசாயி வேண்டும். எந்த மோட்டார் எத்தனை மணி நேரம் ஓடுகிறது, எந்தக் கிணறு எந்த ஊற்றோடு தொடர்புடையது, பக்கத்துத் தோட்டத்தில் மோட்டார் போட்டால் யார் கிணறு இறங்குகிறது என்பதெல்லாம் செயற்கைக்கோள் படத்தில் தெரியாது.

என்ன நடந்தது?

உலக வங்கி 2010-ல் இந்திய நிலத்தடி நீர் பற்றி ஒரு விரிவான அறிக்கை வெளியிட்டது. அதில் இந்த ஆந்திரத் திட்டத்தையும் ஆராய்ந்தார்கள். மூன்று ஆண்டுகளில் 42 சதவீத நீரியல் அலகுகள் ரபி போகத்தில் உறிஞ்சும் தண்ணீரைத் தொடர்ந்து குறைத்திருந்தன. 51 சதவீத அலகுகள் விட்டு விட்டுக் குறைத்திருந்தன. உறிஞ்சுவது கூடியது 7 சதவீதத்தில் மட்டும்.

குறைத்தவர்கள் ஊர் நன்மைக்காகத் தியாகம் செய்யவில்லை என்பதையும் அதே அறிக்கை எடுத்துக் காட்டியது. தண்ணீர் போதாது என்று தெரிந்த பிறகு முழுப் பரப்பிலும் நெல் போட்டு, கதிர் பால் பிடிக்கும் நேரத்தில் கிணறு வற்றி, போட்ட முதலை இழக்க யாருக்கும் மனம் வராது. நெல்லைக் குறைத்து, தண்ணீர் குறைவாகக் கேட்கும் பயிருக்கு மாறினார்கள், அல்லது சிக்கனப் பாசனத்துக்கு மாறினார்கள். லாபத்தை விட்டுக் கொடுக்காமலே செலவிட்ட தண்ணீர் குறைந்தது. முன்னால் ஒவ்வொருவரும் பக்கத்துத் தோட்டக்காரரைப் பார்த்துத்தான் முடிவெடுத்தார்கள். 'அவர் நெல் போடுகிறார், நாமும் போடுவோம். நாம் விட்டால் அவர் இறைத்துவிடுவார்' என்ற ஓட்டம் அது. பலகையில் எண்ணைப் பார்த்த பிறகு, போட்டி போட்டாலும் அந்தத் தொட்டியில் அவ்வளவு தண்ணீர் இல்லை என்று எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தெரிந்துவிட்டது.

இதைப் பெரிதுபடுத்தியும் பேசக் கூடாது. பாறை நிலத்தில் இந்த ஆண்டு மிச்சம் பிடித்த தண்ணீர் பத்தாண்டுக்குச் சேமிப்பாக நிற்காது. மழை பொய்த்தால் கணக்கும் சுருங்கும். இந்த முறை தருவது பயிர் நடுவழியில் காயாமல் இருப்பதற்கான வாய்ப்பை. கடன் வாங்கி நான்காவது போர் போடும் குடும்பத்துக்கு அதுவே பெரிய விஷயம்.

பணம் நின்ற பிறகு

சில ஆண்டுகள் கழித்து அதே ஊர்களுக்குப் போய்ப் பார்த்த ஆய்வாளர்கள் சொன்னது அவ்வளவு இனிப்பாக இல்லை. பல இடங்களில் மழைமானி பராமரிப்பில்லாமல் போயிருந்தது. 15 நாள் அளவீடு நின்றிருந்தது. அக்டோபர் கூட்டம் நடக்கவில்லை. கற்றுக்கொண்ட விவசாயிகளிடம் அறிவு இருந்தது. அதை ஆண்டுதோறும் ஊர் முன்னால் வைக்கும் ஏற்பாடு இல்லை. வந்த தொண்டு நிறுவனப் பணியாளர்கள் வேறு திட்டத்துக்குப் போய்விட்டார்கள். ஊராட்சிக்கோ வேளாண் துறைக்கோ இந்த வேலையைத் தன்னுடையதாக எடுத்துக்கொள்ளும் கட்டாயம் இருக்கவில்லை.

திட்டம் தோற்றது என்று இதை வைத்துச் சொல்பவர்கள் உண்டு. என் பார்வையில் தோற்றது நிதி ஒதுக்கிய முறை. கற்றுக் கொடுக்கப் பல ஆண்டுகளுக்குப் பணம் ஒதுக்கினார்கள். அதன் பிறகு ஆண்டுக்கு ஒரு கூட்டம் நடத்தவும், உடைந்த மழைமானியை மாற்றவும் தேவைப்படும் சிறு தொகைக்கு வழி வைக்கவில்லை. பெரிய தொகைக்குக் கையெழுத்துப் போட ஆள் இருக்கிறது. டீ செலவுக்கு ஆள் இல்லை. நம்மூரில் திட்டம் முடிந்த கையோடு பாழடைந்த கட்டடங்களைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல.

ராஜஸ்தான், குஜராத் பக்கம் இதே யோசனையை வேறு மாதிரி செய்து பார்த்தார்கள். ஆஸ்திரேலிய அரசின் பன்னாட்டு வேளாண் ஆராய்ச்சி மையம் (ஏசியார்) பணம் கொடுத்தது. மேற்கு சிட்னி பல்கலைக்கழகம், உதய்ப்பூரிலுள்ள மகாராணா பிரதாப் வேளாண் பல்கலைக்கழகம், உள்ளூர்த் தொண்டு நிறுவனங்கள் எல்லாம் சேர்ந்து 2012 முதல் 'மார்வி' என்ற பெயரில் நடத்தின. உதய்ப்பூர் மாவட்டத்தில் தர்த்தா, குஜராத்தில் மேக்ராஜ் என இரண்டு நீர்வடிப் பகுதிகளில் 11 ஊர்கள். அந்தந்த ஊரிலேயே ஆட்களைத் தேர்ந்தெடுத்து 'பூஜல் ஜான்கார்', அதாவது நிலத்தடி நீர் அறிந்தவர் என்று பெயர் கொடுத்தார்கள். முந்நூறுக்கும் மேற்பட்ட கிணறுகளை அவர்கள் வாரம் ஒரு முறை அளந்தார்கள். தடுப்பணையில் தண்ணீர் தினமும் எவ்வளவு இறங்குகிறது என்று அளவுகோல் பார்த்து எழுதினார்கள். அவர்கள் எழுதிய எண்களை வைத்தே விஞ்ஞானிகள் ஆய்வுக் கட்டுரைகள் வெளியிட்டார்கள்.

தடுப்பணை விஷயம் நமக்கும் நேரடியாகப் பொருந்தும். அணை கட்டியதும் பலகை வைத்துவிடுகிறோம். அதனால் எத்தனை கிணறு ஏறியது, வண்டல் படிந்த பிறகு உள்ளே இறங்கும் வேகம் எவ்வளவு குறைந்தது என்று அளப்பதே இல்லை. அளந்தால்தான் எப்போது தூர் வார வேண்டும் என்று சொல்ல முடியும். ஒரு அளவுகோலும் ஒரு நோட்டும் இருந்தால் போதும்.

நம் நாட்டு நிதி எங்கே?

2019 டிசம்பரில் மத்திய அரசு தொடங்கிய அடல் பூஜல் திட்டம் இந்த அனுபவங்களின் வழியில் வந்ததுதான். மொத்தம் 6,000 கோடி ரூபாய். பாதி உலக வங்கிக் கடன். குஜராத், ஹரியானா, கர்நாடகா, மத்தியப் பிரதேசம், மகாராஷ்டிரா, ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் ஆகிய ஏழு மாநிலங்களில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஊராட்சிகள். ஊராட்சி அளவில் தண்ணீர் வரவு செலவு, அதை வைத்து நீர்ப் பாதுகாப்புத் திட்டம், முன்னேற்றம் காட்டினால் ஊக்கத்தொகை என்று வகுத்தார்கள். தமிழகம் அந்தப் பட்டியலில் இல்லை. நிலத்தடி நீர் அளவுக்கு மீறி உறிஞ்சப்படும் மாநிலங்களில் ஒன்றாக இருந்தும் இல்லை. நம் மாநிலத்தில் 2003-ல் இயற்றிய நிலத்தடி நீர்ச் சட்டமும் 2013-ல் திரும்பப் பெறப்பட்டுவிட்டது. ஆக, ஊர் கூடி ஒப்புக்கொள்வதைத் தவிர இப்போதைக்கு வேறு கடிவாளம் இல்லை.

வேறு கதவுகள் இருக்கின்றன. இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் 2016-ல் தொடங்கிய 'ஃபார்மர் ஃபர்ஸ்ட்' திட்டம், விஞ்ஞானிகளும் விவசாயிகளும் விவசாயியின் நிலத்திலேயே சேர்ந்து ஆய்வு செய்வதற்கானது. மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் 'சீட்' பிரிவு, அறிவியல் அடிப்படையில் கிராமங்களில் வேலை செய்யும் தொண்டு நிறுவனங்களுக்கு நிதி தருகிறது. நபார்டு வங்கியின் நீர்வடிப்பகுதி மேம்பாட்டு நிதி 1999-2000 முதல் இருக்கிறது. அதில் ஊர்க் குழு உண்டு, ஊர் தன் உழைப்பில் ஒரு பங்கைக் கொடுக்கும், பிற்காலப் பராமரிப்புக்கு ஒரு தொகை ஒதுக்கி வைக்கும் வழக்கமும் உண்டு. ஆந்திராவில் விட்டுப்போனது இந்தக் கடைசி விஷயம்தான்.

இவற்றில் ஃபார்மர் ஃபர்ஸ்ட், சீட் போன்றவற்றுக்கு நீங்கள் தனியாக விண்ணப்பம் போட முடியாது. ஆராய்ச்சி நிலையமோ தொண்டு நிறுவனமோதான் போட வேண்டும். பணமும் அவர்கள் கணக்குக்குத்தான் வரும். ஆனால் எந்த ஊர், எந்தப் பிரச்சினை என்று தேர்ந்தெடுக்கும் நேரத்தில், ஏற்கெனவே இரண்டு ஆண்டு மழையும் நீர்மட்டமும் எழுதி வைத்திருக்கும் ஊர் கண்ணில் படும். மாவட்ட வேளாண் அறிவியல் நிலையத்துக்குக் கோரிக்கை மனுவோடு போவதும் அளந்த நோட்டோடு போவதும் ஒன்றல்ல. கோவையில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் நீர் நுட்ப மையம் இருக்கிறது; உங்கள் மாவட்ட அறிவியல் நிலையம் வழியாக அங்கேயும் கேட்கலாம்.

திட்டத்தோடு யாராவது ஊருக்கு வந்தால் வரவேற்கும் கூட்டத்திலேயே சில கேள்விகளைக் கேட்டுவிடுங்கள். பிரச்சினை எது என்று தீர்மானித்தது யார், எங்களைக் கேட்டீர்களா? அளந்த விவரம் ஊரிடம் ஒரு பிரதி இருக்குமா, இல்லை ஆய்வுக் கட்டுரையோடு போய்விடுமா? அளப்பவருக்குக் கூலி உண்டா? உண்டு என்றால், திட்டம் முடிந்த அடுத்த ஆண்டு அதை யார் கொடுப்பார்கள்? கடைசிக் கேள்விக்குப் பதில் எழுத்தில் வாங்குவது நல்லது. சங்கடமாக இருக்கும்; வருகிறவர்களில் நல்லவர்கள் கோபப்பட மாட்டார்கள்.

நீங்களே தொடங்க

நிதி வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. எளிய பிளாஸ்டிக் மழைமானி போதும். மரமும் கூரையும் மறைக்காத திறந்த இடத்தில் வைத்து, தினமும் காலை 8.30 மணிக்குப் பாருங்கள். வானிலைத் துறையும் அந்த நேரக் கணக்கைத்தான் வைத்திருக்கிறது; அப்போதுதான் ஒப்பிட முடியும். மழை இல்லாத நாளில் பூஜ்யம் என்று எழுத வேண்டும். வெற்றிடமாக விட்டால் பிறகு பார்ப்பவருக்கு மழை இல்லையா, ஆள் பார்க்கவில்லையா என்று தெரியாது. பள்ளிக்கூடத்தில் வைத்தால் பிள்ளைகள் விடாமல் பார்ப்பார்கள். கோடை விடுமுறைக்கு மட்டும் ஒருவரை ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

திறந்தவெளிக் கிணறு என்றால் சுற்றுச்சுவரில் ஒரு இடத்தில் பெயிண்ட் அடையாளம் போட்டு, எப்போதும் அதே இடத்திலிருந்து அளவு நாடாவில் கல் கட்டி இறக்குங்கள். மோட்டார் போடும் முன், விடியற்காலையில் அளப்பதே சரி. இறைத்துக்கொண்டிருக்கும்போது அளந்தால் கிணற்றின் மட்டம் கிடைக்கும், நிலத்தின் மட்டம் கிடைக்காது. 15 நாளுக்கு ஒரு முறை, குறித்த தேதியில்.

போர் என்றால் கொஞ்சம் சிரமம். தண்ணீரைத் தொட்டதும் சத்தம் எழுப்பும் நாடா கிடைக்கிறது. ஆனால் ஓடும் போரில் குழாய்க்கும் வயருக்கும் இடையில் நாடா சிக்கிக்கொள்ளும். புதிதாக மோட்டார் இறக்கும்போதே கூடவே ஒரு மெல்லிய பிவிசி குழாயை இறக்கிவிட்டால் அதன் வழியாக எப்போதும் அளக்கலாம். இல்லாவிட்டால் கைவிட்ட போர் ஒன்றைக் கண்காணிப்புக்கு வைத்துக்கொள்ளலாம். அளந்து முடித்ததும் மூடியைப் போட்டுப் பூட்ட மறக்காதீர்கள். திறந்து கிடக்கும் போர் குழந்தைகளுக்கு ஆபத்து.

ஊரில் ஐந்தாறு கிணறு போதும். மேட்டில் இரண்டு, நடுவில் இரண்டு, ஓடையோரம் இரண்டு என்று பரவலாக இருக்கட்டும். எல்லாம் ஒரே உறவுக்காரர்களுடைய கிணறாக இருந்தால் மற்றவர்கள் எண்ணை நம்ப மாட்டார்கள் என்பதையும் கவனியுங்கள். ஆளுக்கொரு கிணறு பொறுப்பு, எழுதுவது ஒரே பலகையில்.

ஆந்திராவின் அக்டோபர் கணக்கை நாம் அப்படியே எடுக்கக் கூடாது. நமக்கு வடகிழக்குப் பருவமழை டிசம்பர் வரை இருக்கிறது. கார்த்திகை மழையெல்லாம் முடிந்து, மார்கழிக் கடைசியில் கூடுவதுதான் பொருத்தம். கிராம சபை ஜனவரி 26-ல் வருகிறது. அதற்குள் பல ஊர்களில் நாற்று விட்டிருப்பார்கள். எனவே பொங்கலுக்கு முன் ஒரு நாள் தனியாகக் கூடி, மழை எவ்வளவு, கிணறு எத்தனை அடி, யார் எத்தனை ஏக்கரில் என்ன போடப் போகிறார்கள் என்று மூன்றையும் எழுதிவிடுங்கள். பிறகு அதே தாளை கிராம சபையில் வைத்து, அடுத்த ஆண்டு மழைமானிக்கும் நாடாவுக்கும் ஊராட்சி நிதியில் ஒரு சிறு தொகை ஒதுக்கத் தீர்மானம் கேளுங்கள்.